நெல் காயும் ரோட்டில் ஓர் ஆர்15

தஞ்சாவூர் கரந்தையில் இருக்கும் அந்தப் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் வரிசையாக நிற்கும் பைக்குகள்தான் அடையாளம். நான் போயிருந்த அன்று அம்மாப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி 2018 மாடல் யமஹா ஆர்15 வெர்ஷன் 3 வண்டியோடு வந்து நின்றார். குறுவை நெல் போட்ட பணத்தில் அப்பா கொடுத்த 12,000 ரூபாய் கையில். சைலன்சரை மாற்றுவதா, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் ஈசியூவை ரீமேப் செய்வதா, முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைப்பதா என்பதுதான் அவர் கேள்வி.

மெக்கானிக் பதிலே சொல்லவில்லை. பின் டயர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையைக் குறுக்கே ஓட்டினார். நடுப்பட்டை தட்டையாகத் தேய்ந்திருந்தது. இரண்டு ஓரமும் புதுசு போலவே இருந்தன.

"நிமிந்தேதான் ஓட்டியிருக்க தம்பி. வளைவுல சாய்க்கப் பயப்படுற. ஏன்னு பாப்போம்."

எழுந்து முன் பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டிலை ஓர் அமுக்கு அமுக்கினார். ஃபோர்க் மளமளவென்று உள்ளே இறங்கி, அடங்காமல் எம்பி எம்பி ஆடியது. பிரேக் ஆயில் பழுப்பேறிக் கிடந்தது. வாங்கியதிலிருந்து மாற்றியதே இல்லையாம்.

இந்த வண்டியின் 155 சிசி இன்ஜின் தன் முழு பலத்தை, 19 குதிரைத்திறனுக்குச் சற்று மேல், 10,000 ஆர்பிஎம்மில்தான் தருகிறது. வால்வு திறக்கும் அளவை மாற்றும் விவிஏ அமைப்பு விழித்துக்கொள்வதே 7,400-ல். சைலன்சரும் ரீமேப்பும் கூட்டித் தருவது பெரும்பாலும் அந்த உச்சத்தில். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் அது காசுக்கு ஏற்ற பலன் தரும். ரீமேப் இல்லாமல் சைலன்சரை மட்டும் மாற்றினால் பெட்ரோல் கலவை வறண்டு இன்ஜின் சூடேறும். வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வேறு குறுக்கே நிற்கிறது. ஸ்ப்ராக்கெட்டில் 14 பல்லை 13 ஆக்கினால் இழுவை ஏழரை சதவீதத்துக்குச் சற்று மேல் கூடும், அதே அளவுக்கு இன்ஜினும் கூடுதலாகச் சுற்றும்.

ஆனால் இந்தத் தம்பி தினமும் ஓட்டுவது வெண்ணாறு, வெட்டாறு பக்கத்துக் கரை ரோடுகளில். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல், மதகுக்கு மதகு ஒரு மேடு, மேடேறி இறங்கியதும் ஒரு வளைவு. குறுவை அறுப்பில் அறுவடை மிஷினும் டிராக்டரும் வயலிலிருந்து வண்டல் சேற்றை அப்படியே தார் ரோட்டில் அப்பிவிட்டுப் போகும். வடகிழக்குப் பருவமழையின் முதல் தூறல் விழுந்தால் கால் வைத்தாலே வழுக்கும். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதத்துக்கு 17 சதவீதம்தான் வழக்கமான வரம்பு. அதற்காகக் காயவைக்கக் களம் போதாத ஊர்களில் பாதி ரோட்டை மறித்து நெல் காய்கிறது. விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, அவருக்கு வேறு இடம் இல்லை. நெல்மணி மேல் சக்கரம் ஏறினால் டயர் ரோட்டையே தொடாது. போதாததற்கு, 2018 தொடக்கத்தில் வந்த வெர்ஷன் 3-ல் ஏபிஎஸ் கிடையாது.

அதனால் மெக்கானிக் சொன்ன முதல் வேலை டயர். கம்பெனி அளவிலேயே, முன்னால் 100, பின்னால் 140. அதைவிட அகலமாகப் போட்டால் அதே ரிம்மில் டயர் கூம்பிக்கொண்டு சாய்வு கெட்டுவிடும். அடுத்தது ஃபோர்க் ஆயிலும் சீலும். அப்புறம் பிரேக் ஆயில், பேட். சட்டென்று கடிக்கும் ரேஸ் பேட் கேட்டார் தம்பி.

"வேணாம். நெல்லு மேல முன் சக்கரம் பூட்டிக்கிட்டா நீ வாய்க்கால்லதான் கெடப்ப. எவ்வளவு புடிக்குதுன்னு வெரலுக்குத் தெரியணும், அதான் பேட்."

ஓசூரில் டிவிஎஸ் 2021-ல் அப்பாச்சி ஆர்ஆர் 310-ஐ வாங்குபவர் விருப்பப்படி கட்டித்தரத் தொடங்கியபோது கொடுத்த இரண்டு கிட்டுகளும் நினைவுக்கு வந்தன. ஒன்றில் முக்கியமானது திருகி அளவு வைக்கக்கூடிய சஸ்பென்ஷன். இன்னொன்றில் தாழ்ந்த ஹேண்டிலும் உயர்ந்த ஃபுட்ரெஸ்டும். இரண்டுமே இன்ஜினைத் தொடவில்லை. தொழிற்சாலைப் பொறியாளர்கள் போன வழியிலேயே இந்த மெக்கானிக் டயரைத் தடவிப் பார்த்துப் போயிருக்கிறார்.

சைலன்சர் விற்றால் கடைக்காரருக்கு அதிலேயே லாபம் நிற்கும். ஃபோர்க்கைக் கழற்றி, பழைய எண்ணெயை வடித்து, இரண்டு காலிலும் ஒரே அளவு ஊற்றி மாட்ட இவருக்கு அரை நாள் போகிறது. கூலி சில நூறு ரூபாய்தான், அதற்கும் பேரம் பேசுகிறார்கள். டயர் விலையை மறுபேச்சில்லாமல் கொடுப்பவர்கள் இந்தக் கூலியில் நூறு ரூபாய் குறைக்கச் சொல்வதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது. அந்த எண்ணெய் அளவு பிசகினால் மதகு மேட்டில் வண்டி எப்படித் துள்ளும் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

தம்பி பேரம் பேசவில்லை. ஸ்ப்ராக்கெட்டைச் சம்பா அறுப்புக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. டயர் திருச்சியிலிருந்து வர வேண்டும். வண்டியை விட்டுவிட்டு, மறுநாள் மதியம் வருவதாகச் சொல்லி பஸ்ஸுக்குக் கிளம்பினார்.