திருப்பி அளந்து காண்போம்

கல்லூரியில் பௌதிகம் பயிலும் நம் பிள்ளைகளுள் சிலர், சோதனையில் அளவு ஒத்துவராவிடின் விடைக்கேற்ப எண்ணைத் திருத்திவிடுகின்றனர். அவர்கட்கு ஒன்று கூற விழைகிறோம்.

இந்தியம் ஆன்டிமனைடு என்னும் குறைக்கடத்தியைக் காந்தப்புலத்தில் வைத்தால் அதன் மின்தடை மிகும். அதனை அளக்க நான்கு முனைகளை இணைப்பர். இரண்டு மின்னோட்டம் செலுத்த, இரண்டு மின்னழுத்தம் காண. எனினும் இரு பிழைகள் உட்புகக்கூடும். முனைகளிடையே வெப்பநிலை வேறுபடின், அதனாலேயே சிறு அழுத்தம் தோன்றும். அழுத்தமுனைகள் மின்னோட்டத்தின் வழியே ஒரே கோட்டில் அமையாவிடின், 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த குறுக்கழுத்தமும் கலந்துவிடும். நூறு முறை ஒரே விதமாக அளந்து சராசரி எடுப்பினும் இவை நீங்கா; ஒரே பக்கம் சாய்ந்த பிழைகள் அல்லவா?

மின்னோட்டத்தைத் திருப்பி மீண்டும் அளக்க வேண்டும். முதலில் 5.3 மில்லிவோல்ட்டும், எதிர்த்திசையில் 4.7 மில்லிவோல்ட்டும் காட்டுமாயின், மின்னோட்டத்தால் வந்தது 5.0, வெப்பத்தால் வந்தது 0.3. அவ்வாறே காந்தப்புலத்தையும் திருப்பினால் ஹால் அழுத்தம் குறி மாறும், தடை மாறாது. இரண்டின் சராசரியில் ஹால் அழுத்தம் கழிந்துபோம்.

ஆகவே, ஒவ்வாத எண்ணையும் உள்ளவாறே குறித்துக்கொண்டு, திசைமாற்றி அளக்குமாறு பிள்ளைகட்குப் பெற்றோர் சொல்லுதல் வேண்டும். 5.3-ஐ அழித்து 5.0 என எழுதியவனுக்கு, அந்த 0.3 எங்கிருந்து வந்ததென்பது ஒருநாளும் விளங்காது.