பாட்டும் கேட்டோம், பெயரும் கேட்டோம்

பாமன்கடையில் நாம் வளர்ந்த ஒழுங்கை அப்படியொன்றும் நீளமானதன்று. முனையிலுள்ள கடையில் பாண் வாங்கிக்கொண்டு வீடு திரும்ப ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்துக்குள் ஒரு சினிமாப் பாட்டை முழுமையாகக் கேட்டுவிடலாம் என்பதே எமது சிறுபிராயத்தின் அதிசயம். பல்லவி கடைக்காரர் வீட்டில் ஆரம்பமாகும். அடுத்த அடிகள் தையற்காரர் வீட்டு யன்னல் வழியே வரும். எமது வாசற்படியில் நாம் காலை வைக்க, உள்ளேயிருந்து கடைசிச் சரணம் எம்மை வரவேற்கும். எல்லா வீடுகளிலும் வானொலிப் பெட்டி ஒரே நிலையத்தில் நின்றது. அதனால் நடப்பவனுக்குப் பாட்டு அறுவதில்லை. இடையே சிங்கள அயலவர் வீடு வந்தால், அங்கிருந்து ஒரு சிங்களப் பாட்டின் ஓரடி வந்து கலக்கும். அதுவும் காதுக்கு நன்றாகவே இருக்கும்.

எமது வீட்டுப் பெட்டி அம்மப்பாவின் ஆட்சிக்குட்பட்டது. வேறு எவரும் அதன் குமிழைத் தொடலாகாது. கொழும்பில் வானொலி 1925ஆம் ஆண்டு மார்கழியில் தொடங்கியது என்பதையும், அது 1949இல் ‘றேடியோ சிலோன்’ ஆனது என்பதையும் அவர் தம் குடும்பச் சரித்திரம் போலவே சொல்லுவார். 1952ஆம் ஆண்டளவில் இந்திய வானொலி சினிமாப் பாட்டுகளை ஒதுக்கிவைத்த கதை அவருக்கு மிகவும் பிடித்தமானது. 1957இல் விவித் பாரதி தொடங்கும்வரை, பாரத தேசத்து இரசிகர்கள் பாட்டுக்காக எங்கள் சின்னஞ்சிறு தீவின் பக்கமல்லவா காதைத் திருப்பினார்கள்! மயில்வாகனன் அவர்களின் குரலைக் கடலுக்கு அப்பாலும் ஆவலோடு கேட்டார்கள் என்று சொல்லும்போது, அம்மப்பா தாமே ஒலிபரப்பியவர் போலத் தலை நிமிர்வார்.

ஆனால் அந்தப் பெட்டி பாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. ஒரு குறித்த நேரத்தில் பாட்டு நிற்கும். மரண அறிவித்தல் தொடங்கும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார் என்று தொடங்கி, இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னாரின் பாசமிகு தந்தை என உறவு முறைகள் வரிசையாக வரும். அறிவிப்பாளர் அவசரப்படமாட்டார். அந்நேரம் குசினியில் பாத்திரச் சத்தம் கேட்கக்கூடாது, நாமும் கதைக்கக்கூடாது. “ஆரெண்டு தெரியாத ஆக்களுக்கு நாங்கள் ஏன் பேசாமல் இருக்கவேணும்?” என்று ஒருநாள் கேட்டோம். “அவையளுக்கு நாங்கள் ஆரெண்டு தெரியுமோ? அதுக்குத்தான்” என்றார் அம்மப்பா. அதன் பொருள் அன்று எமக்கு விளங்கவில்லை.

1993ஆம் ஆண்டு அவரே காலமானார். அம்மாவின் தங்கை, எமது சின்னம்மா, அப்போது கோண்டாவிலில் இருந்தார். 1990இல் தொடங்கிய போருடன் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் போயிற்று, தொலைபேசியும் போயிற்று. கிளாலிக் கடலைப் படகில் கடந்து வருவதோ உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு வருவது. தகப்பன் இறந்த செய்தியை மகளுக்குச் சொல்ல வானொலியைத் தவிர வேறு வழியில்லை. அம்மா கண்ணீரைத் துடைத்துவிட்டு, அறிவித்தலைத் தம் கையாலேயே எழுதினார். எழுதியதை இரண்டு முறை வாசித்துப் பார்த்து, தங்கையின் பெயரைத் தம் பெயருக்கு முன்னே மாற்றி வைத்தார். மூத்தவள் பெயர்தானே முன்னே வரவேண்டும் என்று எவரோ சொன்னார்கள். அம்மா கேட்கவில்லை.

மறுநாள் கனத்தை மயானத்தில் கிரியைகள் முடிந்தன. சின்னம்மாவின் செவிக்குச் செய்தி எட்டியதோ இல்லையோ என்ற கவலை மாத்திரம் முடியவில்லை. பல வாரங்களின் பின்னர், செஞ்சிலுவைச் சங்கத்தின் உதவியோடு ஒரு கடிதம் வந்தது.

பற்றறிக்கும் தடை இருந்த காலம் அது. யாழ்ப்பாணத்தவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். சின்னம்மா வீட்டு முற்றத்தில் அன்று சுற்றியவன் அயல்வீட்டுப் பையன். அம்மப்பாவின் பெயர் வந்ததும் அவன் திகைத்துக் கையை எடுத்துவிட்டான். சில்லு நின்றது, வானொலியும் நின்றது. அவன் மறுபடி சுற்றியபோது வேறொருவரின் பெயர் வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. “பெயரைக் கேட்டேன் அக்கா. மிச்சத்தைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை” என்று சின்னம்மா எழுதியிருந்தார்.

1995ஆம் ஆண்டு இடப்பெயர்வில் சின்னம்மா குடும்பம் வன்னிக்குப் போயிற்று. 2002இல் ஏ-9 வீதி திறந்த பின்னரே அவர் பாமன்கடைக்கு வந்தார். அழுது முடித்து, தேநீர் குடித்து, அம்மப்பாவின் படத்தின் முன்னால் இருவரும் அமர்ந்தார்கள். “அண்டைக்கு நான் கேளாத மிச்சத்தைச் சொல்லுங்கோ அக்கா” என்றார் சின்னம்மா. ஒன்பது ஆண்டுகள் கழிந்தும் அம்மாவுக்கு அது மனப்பாடமாக இருந்தது. வானொலியில் வாசிப்பதுபோலவே, அவசரமில்லாமற் சொன்னார். பாசமிகு தந்தை என்ற இடத்தில் தம் பெயர் முதலில் வரக் கேட்ட சின்னம்மா, அக்காவின் கையைப் பற்றிக்கொண்டார். நாம் எழுந்து வெளியே போய்விட்டோம்.

இன்று வெள்ளவத்தை நெசவாலை இருந்த நிலத்தில் வானளாவும் மாடிவீடுகள் நிற்கின்றன. எமது ஒழுங்கையிலும் யன்னல்கள் குளிரூட்டிக்காகச் சாத்தியே கிடக்கின்றன. ஒவ்வொருவர் காதிலும் வேறு வேறு பாட்டு. மரணச் செய்தி கைத்தொலைபேசியில் நொடியில் வருகிறது. ஒரு வேடிக்கைப் படத்துக்கும் இன்னொரு வேடிக்கைப் படத்துக்கும் நடுவே, கைகூப்பும் ஓர் அடையாளத்தை அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போகிறோம். நாமும் அப்படித்தான் செய்கிறோம். பிறரை மாத்திரம் குறை சொல்லுவானேன்?

பழைய காலம் திரும்ப வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் ஒரு மகளுக்குத் தகப்பனின் சாவைச் சொல்ல ஒரு சைக்கிள் சில்லு வேண்டியிருந்தது. அத்தகைய காலம் எவருக்கும் வேண்டாம். ஆயினும், சென்ற கிழமை ஓர் அறிவித்தல் கைத்தொலைபேசிக்கு வந்தபோது, அதை ஒருமுறை வாய்விட்டு வாசித்தோம். ஊர், உறவு, பெயர் எல்லாவற்றையும் அவசரமில்லாமல் வாசித்தோம். குசினியிற் பாத்திரச் சத்தம் நின்றது. “ஆர் அப்பா அவர்? எங்களுக்குத் தெரிஞ்சவரோ?” என்று மகள் கேட்டாள். அம்மப்பாவின் விடையையே அவளுக்கும் சொன்னோம்.