புது பிஸ்டலும் பழைய கையும்

சொந்தமாக ஏர் பிஸ்டல் வாங்கியவர்கள் முதல் வாரத்தில் பெரும்பாலும் ஒரே முகத்தோடுதான் ரேஞ்சுக்கு வருகிறார்கள். கிளப் துப்பாக்கியில் ஒன்பதும் பத்துமாகப் போட்டுக்கொண்டிருந்த பெண், லட்சக்கணக்கில் செலவழித்து வெளிநாட்டிலிருந்து வரவழைத்த புதுசில் ஏழு போடுகிறாள். அதுவும் எல்லாமே இடப்பக்கம், கீழே. பின்னால் நிற்கும் அப்பா குரலைத் தாழ்த்தி, "சார், பீஸே டிஃபெக்டா இருக்குமோ? திருப்பி அனுப்பிடலாமா?" என்பார். அதற்குள் அவள் சின்ன ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்திருப்பாள். பயிற்சியாளனாக என் முதல் வேலை அதை வாங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது.

பிறகு பெட்டிக்குள் இருக்கும் அட்டையை எடுக்கச் சொல்வேன். போட்டிக்கென்று செய்யப்படும் பிஸ்டல்களோடு பெரும்பாலும் ஒரு சோதனை அட்டை வரும். தொழிற்சாலையில் துப்பாக்கியை இடுக்கியில் இறுக்கி, பத்து மீட்டரில் சில குண்டுகள் சுட்டிருப்பார்கள். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, ஓரம் பிசிறிய ஒற்றை ஓட்டையாகத் தெரியும். குழலும் பெல்லட்டும் ஒழுங்காக இருக்கின்றன என்பதற்கு அது சாட்சி. அதற்குமேல் அந்த அட்டையிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. இடுக்கிக்குக் கண் கிடையாது, மணிக்கட்டு கிடையாது, பத்து அடிக்க வேண்டும் என்ற ஆசையும் கிடையாது.

அடுத்தது புது டார்கெட். இந்த வேலைக்கு எலெக்ட்ரானிக் திரையைவிடக் காகிதமே எனக்குப் பிடிக்கும். திரை ஒவ்வொரு குண்டுக்கும் மதிப்பெண் சொல்லி மனசைக் கலைத்துவிடும். "பத்துக் குண்டு சுடு. எங்கே விழுந்தாலும் சரி, பார்க்கிற இடத்தை மாத்தாதே" என்பேன். சொல்வது சுலபம். முதல் குண்டு இடப்பக்கம் போனதுமே அடுத்ததைக் கொஞ்சம் வலப்பக்கம் வைத்துப் பார்க்கக் கை துடிக்கும். அப்படிச் சுட்ட அட்டையை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். ஏழு முதல் உள்ள கறுப்பு வட்டம் 59.5 மில்லிமீட்டர். குண்டின் விட்டம் 4.5; அதன் ஓரம் வளையத்தைத் தொட்டாலே அந்த மதிப்பெண் உண்டு. ஆக, குண்டின் நடுப்புள்ளி இலக்கின் மையத்திலிருந்து எட்டு மில்லிமீட்டருக்குள் விழுந்தால் பத்து. பத்துக் குண்டும் ஓர் எலுமிச்சம்பழத்தால் மூடிவிடக்கூடிய இடத்துக்குள் சேர்ந்து விழுந்திருந்தால், அந்தக் கூட்டம் அட்டையின் எந்த மூலையில் இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. சிதறிக் கிடந்தால், குறிபார்க்கும் சைட்டைப் பற்றிப் பேசவே மாட்டேன். கூட்டத்துக்கு ஒரு மையம் இருந்தால்தானே அதை நகர்த்த முடியும்?

இங்கே கொஞ்சம் கணக்கு வேண்டும். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் என்று வையுங்கள். இலக்கு பத்து மீட்டரில் இருக்கிறது. பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட் கால் மில்லிமீட்டர் ஒதுங்கினால், இலக்கில் அது ஏழு மில்லிமீட்டருக்கு மேல் ஆகிவிடும். இன்னும் ஒரு மயிரிழை போனால் பத்து கையைவிட்டுப் போயிற்று. ஆனால் சைட் இரண்டும் சரியாகப் பொருந்தியிருக்க, கை மொத்தமாக ஒரு சென்டிமீட்டர் பக்கவாட்டில் அசைந்தால் குண்டும் அதே ஒரு சென்டிமீட்டர்தான் நகரும், ஒன்பது நிச்சயம். புதிதாகச் சுடுகிறவர்கள் பயப்படுவது கையின் ஆட்டத்துக்கு. பயப்பட வேண்டியது மணிக்கட்டின் சின்னத் திருப்பத்துக்கு. இலக்கு மங்கலாகத் தெரியட்டும், முன் சைட் மட்டும் கூர்மையாகத் தெரியட்டும் என்று நாங்கள் கத்திக்கொண்டே இருப்பது இதனால்தான். புது பிஸ்டலில் முன் சைட்டின் அகலமும் பள்ளத்தின் அகலமும் பழசிலிருந்து மாறியிருக்கும். இருபுறமும் தெரியும் வெளிச்சக் கோடுகள் கண்ணுக்குப் பழகும்வரை அந்தக் கால் மில்லிமீட்டர் நழுவிக்கொண்டேதான் இருக்கும்.

சரி, கூட்டம் சேர்ந்து விழுகிறது, ஆனால் இடப்பக்கம் கீழே. துப்பாக்கியின் குறையா? என் அனுபவத்தில் இதற்கான விடை பெரும்பாலும் பழைய துப்பாக்கியிடம் இருக்கிறது. மாதக்கணக்கில் அவள் அதே கிளப் பிஸ்டலைத்தான் சுட்டாள். வலக்கைக்காரர்கள் ட்ரிகரை விரலால் மட்டும் இழுக்காமல் கை முழுவதையும் சேர்த்து இறுக்கினால் குண்டு இடப்பக்கம் கீழே போகும். கிளப் பிஸ்டலிலும் போயிருக்கும். அன்றைக்கு யாரோ அதன் பின் சைட்டை இரண்டு க்ளிக் வலப்பக்கம் திருகி வைத்தார்கள், இன்னொரு நாள் ஒரு க்ளிக் மேலே. ஒரு தோள் தாழ்ந்தவருக்குக் கோட்டில் பஞ்சு வைத்துத் தைக்கும் தையல்காரர்போல, அந்தப் பின் சைட் அவளுடைய இறுக்கத்தை மூடி மறைத்துக்கொண்டிருந்தது. புது பிஸ்டலின் சைட்டில் அந்தப் பஞ்சு இல்லை.

இதைக் கேட்டதும், "அப்போ இவ்வளவு நாளா தப்பா சுட்டேனா சார்?" என்று முகம் வாடும். இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் நிகழும் பழக்கத்தை நான் தவறு என்று எண்ணுவதில்லை. சைட்டைத் திருத்தி அதோடு வாழலாம். பெரிய பந்தயங்களில் ஜெயித்தவர்களிடமும் விசித்திரமான பிடிகள் உண்டு. தொல்லை எங்கே வருகிறதென்றால், அந்த இறுக்கம் களைப்பைப் பொறுத்தும் பயத்தைப் பொறுத்தும் மாறும்போது. அப்போது சைட்டும் கூடவே மாற வேண்டியிருக்கும், அது முடியாது.

கையைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. பிஸ்டலை நான் வாங்கி, அவளுக்குத் தெரியாமல் சில முறை பெல்லட் போட்டும் சில முறை போடாமலும் கொடுப்பேன். வெறும் குழலில் ட்ரிகர் விழும்போது முன் சைட் துள்ளினால், அதைச் சுடுகிறவரே பார்த்துவிடுவார். நான் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. ரேஞ்ச் சுவர்களில் ஒட்டியிருக்கும் அந்தச் சக்கரப் படம் இருக்கிறதே, குண்டு இந்தத் திசையில் போனால் இன்ன தவறு என்று காட்டுவது, அதைவிட இது எவ்வளவோ மேல். ஒரு குண்டை வைத்து அந்தச் சக்கரத்தில் நோய் தேடுகிறவர்கள் நாளுக்கொரு நோயைக் கண்டுபிடிப்பார்கள். இடக்கைக்காரர்களுக்குப் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து கிரிப். புது மரம் உள்ளங்கையில் வேறு மாதிரி உட்காரும். கண்ணை மூடி, கையைத் தூக்கி, இலக்குக்கு நேரே நிறுத்தி, கண்ணைத் திறக்கச் சொல்வேன். சைட் தானாகப் பொருந்தி நிற்க வேண்டும். முன் சைட் ஒவ்வொரு முறையும் இடப்பக்கம் ஒதுங்கியே நின்றால் கிரிப்பைத் திருப்ப வேண்டும், இல்லையென்றால் அரம் போட வேண்டும். கூடவே சாய்வையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான பிஸ்டல்காரர்கள் கறுப்புக்குக் கீழே, வெள்ளையில்தான் குறி வைப்பார்கள். குண்டு அதற்கு நாலைந்து சென்டிமீட்டர் மேலே போய் விழும்படி சைட் அமைந்திருக்கும். அதனால் பிஸ்டல் ஐந்து டிகிரி பக்கவாட்டில் சாய்ந்தாலே குண்டு ஏறக்குறைய ஆறு மில்லிமீட்டர் அந்தப் பக்கம் போய்விடும். சாய்ந்திருப்பது சுடுகிறவருக்குத் தெரியாது, பின்னால் நிற்கிறவருக்கு நன்றாகத் தெரியும்.

துப்பாக்கியே காரணமாக இருப்பதும் உண்டு. பின் சைட் தளர்ந்திருக்கலாம். கிரிப்பின் ஸ்க்ரூ இறுகாமல் இருக்கலாம். புது டப்பா பெல்லட் அந்தக் குழலுக்கு ஒத்துவராமல் போகலாம். காற்றுச் சிலிண்டரின் அழுத்தம் மிகவும் இறங்கி, குண்டின் வேகம் நொடிக்கு 150 மீட்டரிலிருந்து 140 ஆனால் அது மூன்று மில்லிமீட்டர் போலக் கீழே விழும். 2021 ஜூலையில், டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் நடுவே இந்திய வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டல் பழுதாகி நேரம் வீணானதை எல்லாரும் பார்த்தோம். ஆனால் அங்கே துப்பாக்கி சுடாமல் நின்றது. சுடுகிற துப்பாக்கி ஒரே மூலைக்கு ஒழுங்காகச் சுட்டால், அதன்மேல் பழி போட நான் அவசரப்படுவதில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. 2008 பெய்ஜிங்கில், பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் இறுதிச் சுற்றுக்கு முன் இந்திய வீரர் அபினவ் பிந்த்ரா சுட்டுப் பார்த்த குண்டு நாலில் போய் விழுந்தது. தன் கை அப்படிச் சுடாது என்று அவருக்குத் தெரியும். சைட்டைத் திருத்திக்கொண்டு சுட்டார், தங்கம் வென்றார். தன் கூட்டத்தின் அளவு அத்தனை துல்லியமாகத் தெரிந்தவருக்கு ஒரு குண்டு போதும். மற்றவர்களுக்குப் பத்துக் குண்டாவது வேண்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகே ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிக் கொடுப்பேன். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே பின் சைட்டை நகர்த்த வேண்டும். சில ஐரோப்பியத் துப்பாக்கிகளில் ஸ்க்ரூவின் பக்கத்தில் இருக்கும் எழுத்து, குண்டு எங்கே போய் விழுந்தது என்பதைக் குறிக்கும்; எங்கே போக வேண்டும் என்று எண்ணித் திருகினால் பிழை இரட்டிப்பாகும். ஆகவே முதலில் பத்து க்ளிக் திருகி ஐந்து குண்டு சுட்டு, கூட்டம் எந்தப் பக்கம், எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று ஸ்கேல் வைத்து அளக்கச் சொல்வேன். ஒரு க்ளிக்கின் மதிப்பு அதிலேயே கிடைத்துவிடும். மீதி வெறும் வகுத்தல். மையத்துக்கு வந்ததும் ஸ்க்ரூவின் தலையில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி, நோட்டில் தேதியோடு ஒரு வரி.

மறுநாள் போட்டியில் போலவே 75 நிமிடத்தில் 60 குண்டு சுட வைப்பேன். அட்டைகளை வரிசையாகப் பரப்பினால், பல சமயம் கடைசி இருபது மட்டும் மறுபடி இடப்பக்கம் கீழே இறங்கியிருக்கும். அதற்கு நெயில் பாலிஷ் புள்ளியை அசைக்கக் கூடாது. தினம் வீட்டில் வெற்றுச் சுவரைப் பார்த்து அரைமணி நேரம் பெல்லட் இல்லாமல் டிரை ஃபயர், வாரம் மூன்று நாள் தோளுக்கு உடற்பயிற்சி. கிரிப்பை உள்ளங்கைக்கு ஏற்ப நிரப்ப மர மக்கு வைத்தால், அது காய்ந்து, தேய்த்து முடித்த பிறகு மறுபடி பத்துக் குண்டு.