உறைக்கு ஒரு விலை

துப்பாக்கியைப் பற்றி எழுதினாலும் எழுதலாம். துப்பாக்கியை வைக்கும் வெறும் தோல் உறையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். முத்து போன பிறகு சிப்பிக்கு விலை கொடுக்கிறவர்களும் உலகத்தில் உண்டு அல்லவா? லண்டனில் வெகு காலமாகக் குடியிருக்கும் என் நண்பர் ஒருவர் அந்த ஜாதி. ஜெர்மானியச் சேனையின் பழைய கைத்துப்பாக்கி உறைகள்தான் அவருடைய பொக்கிஷம். துப்பாக்கி என்று ஒன்றுகூட அவரிடம் கிடையாது. அவர் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தபோது, ஓர் உறையைக் கையில் எடுத்து அதன் வயது, குலம், கோத்திரம் மூன்றையும் சொல்லும் வித்தையை எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

முதலில் அது எந்தத் துப்பாக்கியின் உறை என்று தெரிய வேண்டும். ஜெர்மானியத் தரைப்படை 1908-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது லூகர் என்னும் கைத்துப்பாக்கி. ஏற்ற ஆண்டை வைத்தே அதற்கு 'பி.08' என்று பெயர். அதற்குப் பதிலாகப் பின்னால் வந்தது வால்தர் 'பி.38'. இரண்டுக்கும் உறை ஏறக்குறைய ஒரே ஜாடைதான்: கெட்டியான தோல், துப்பாக்கியை முழுதும் மறைக்கும் மூடி, முன் விளிம்பில் உபரித் தோட்டாக் கூட்டுக்கு ஒரு பை, முதுகில் பெல்ட்டைக் கோக்க இரண்டு வளையங்கள். ஆனால் லூகர் உறையின் மூடியைத் திறந்தால் உட்புறத்தில் சின்னஞ்சிறு பை ஒன்று தைத்திருக்கும். திருகாணியைக் கழற்றவும் தோட்டா நிரப்பவும் உதவும் ஒரு சிறு கருவிக்கு அது வீடு. வால்தருக்கு அந்தக் கருவி வேண்டியதில்லை. ஆகையால் அந்தப் பையும் இல்லை.

அடுத்தபடி உறையின் முதுகைப் பார்க்க வேண்டும். மனிதனுக்குத் தலையெழுத்து என்றால் உறைக்கு முதுகெழுத்து! செய்தவன் பெயர், ஊர், ஆண்டு எல்லாம் அங்கே அழுத்திப் பதித்திருக்கும். 1940-ஐ ஒட்டிப் பெயரும் ஊரும் மறைந்து, மூன்று எழுத்துக் குறி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. எந்த ஊரில் எந்தத் தொழிற்சாலை வேலை செய்கிறது என்பது எதிரிக்குத் தெரியாதிருப்பதற்காகச் செய்த தந்திரம் அது. பக்கத்தில் கழுகு வடிவமும் ஓர் எண்ணும் இருந்தால், ஆயுத இலாகாவின் சோதகர் பார்த்து ஏற்றார் என்று அர்த்தம். யுத்தத்தின் கடைசிக் காலத்து வால்தர் உறைகளைப் பார்த்தாலே அந்தத் தேசத்தின் நிலைமை விளங்கிவிடும். தோலுக்கும் ஆளுக்கும் பஞ்சம் வந்துவிட்டதால், கம்பீரமான கெட்டி உறை போய், மெலிந்த எளிய உறை வந்துவிட்டது.

நிறத்தை மட்டும் நம்பக்கூடாது என்றார் நண்பர். ஹிட்லரின் தரைப்படைக்குக் கறுப்பு உறைதான் வழக்கம். ஆனால் முந்திய காலத்துப் பழுப்பு உறைகளுக்கும் பின்னால் கறுப்புச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். தையல் நூல் இன்னும் நல்ல சாட்சி. இருட்டறையில் ஊதாக் கடந்த ஒளியைப் பாய்ச்சினால், யுத்தத்துக்குப் பின் வந்த நூல்கள் பல பளிச்சென்று ஒளிரும். பழைய நூல் சாதுவாய் இருக்கும். போலி முத்திரையோ, பழைய தோலில் புதிதாக வெட்டிய காயம்போல் வெளிறி நிற்கும். உண்மையான முத்திரையின் பள்ளமும் சுற்றியுள்ள தோலும் சேர்ந்தே முதுமை அடைந்திருக்கும்.

சரி, விலை எப்படி? தையல் பிரியாமல், வார் அறாமல், முத்திரை தெளிவாய் இருப்பதற்கு மதிப்பு அதிகம். எண்ணெயைத் தடவி மினுக்கினால் தோல் தளர்ந்துபோகும், மதிப்பும் குறையும். கொண்டு வந்த சிப்பாயின் பெயரோ, கைப்பற்றியதற்கு அவனுடைய அதிகாரி கையெழுத்திட்ட சீட்டோ கூட இருந்தால் விலை ஏறும். உறை வெறும் தோலாக இல்லாமல் ஒரு மனிதனின் கதையாகி விடுகிறதே!

நம் தேசத்துக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. மௌசர் என்ற ஜெர்மானியத் துப்பாக்கிக்கு மரத்தால் ஆன உறை. அந்த உறையையே பிடியின் பின்னால் பொருத்தி, தோளில் அணைத்துச் சுடலாம். 1914 ஆகஸ்ட் 26-ஆம் தேதி கல்கத்தாவில் ரோடா கம்பெனிக்கு வந்த சரக்கில் பத்துப் பெட்டிகள் கடைக்குப் போய்ச் சேரவில்லை. 50 மௌசர் துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும் வங்காளப் புரட்சி வாலிபர்களின் கைக்குப் போய்விட்டன. மறு வருஷம் செப்டம்பர் 9-ஆம் தேதி பாலசோர் அருகே ஜதீந்திரநாத் முகர்ஜியும் நான்கு தோழர்களும் போலீஸ் படையை எதிர்த்து நின்றது மௌசர்களைக் கொண்டுதான். அவர்களுக்கு உறை அலங்காரப் பொருள் அல்ல, பாதி ஆயுதம்.

நான் அங்கே இருந்தபோது ஒரு கிழவி நண்பரைத் தேடி வந்தாள். யுத்தத்திலிருந்து புருஷன் கொண்டு வந்த லூகர் உறை ஒன்றை மேஜைமேல் வைத்து, ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் காணும் தொகையைக் கேட்டாள். நண்பர் புரட்டிப் பார்த்தார். எழுத்து, கழுகு, உள்பை, கருவி எல்லாம் இருந்தன. மூடியின் உட்புறத்தில் அவள் புருஷனின் பெயர் மசியில் எழுதியிருந்தது. கேட்டதைக் கொடுத்து அனுப்பியிருந்தால் யாருக்குத் தெரியும்? அவரோ, "அம்மா, இதற்கு நீங்கள் கேட்டதைப்போல் பல மடங்கு விலை உண்டு" என்று சொல்லி, ஒவ்வோர் அடையாளமாகக் காட்டி விளக்கினார். அவள் வெகு நேரம் அந்தப் பெயரை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு உறையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நண்பருக்கு அன்று சரக்கும் இல்லை, லாபமும் இல்லை. கழுகுச் சின்னத்தைப் பூஜிப்பதற்காக இவற்றைத் தேடுவோரும் உண்டு என்பதை அவர் அறிவார். அப்படிப்பட்டவர்களுக்கு விற்பதில்லை என்பது அவருடைய விரதம். பொருளின் அடையாளங்களைக் கற்பது வித்தை. கற்றதை அறியாதவளிடம் மறைக்காமல் சொல்வதுதான், அந்த வித்தைக்குச் சோதகர் இடும் முத்திரை.