ஓடட்டும், ஓடட்டும்

ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேல்காற்றைத் திருநெல்வேலிக்காரர்களாகிய நாங்கள் உறவினரைப் போலவே பாவிக்கிறோம். குற்றாலத்துச் சாரலைக் கொண்டுவந்தால் கொண்டாடுவோம். கண்ணில் புழுதியை இறைத்தால் வைவோம். கயத்தாற்றுப் பக்கம் அது காற்றாலைகளைச் சுற்றி மின்சாரமும் தருகிறது. அதற்கு இன்னோர் உபயோகமும் உண்டென்று என் அக்காள் மகன்தான் காட்டினான்.

பட்டம் வாங்கியதும் பையன் உத்தியோகத்துக்குப் போகவேண்டும் என்பது அத்தானின் கட்சி. மேலே படிக்கவேண்டும் என்பது அவன் கட்சி. இந்த வழக்கு நடக்கையில் அவன் மூன்று மாதம் உட்கார்ந்து ரேடியோவினால் இயங்கும் சிறு ஆகாய விமானம் ஒன்றைச் செய்து முடித்தான். 1898-ல் நிக்கோலா டெஸ்லா நியூயார்க்கில் ஒரு குட்டிப் படகைக் கம்பியில்லாமல் ஓட்டிக் காட்டியதையும், 1937-ல் அமெரிக்காவின் குட் சகோதரர்கள் மாதிரி விமானத்தை அவ்விதம் பறக்கவிட்டதையும் நான் எடுத்துச் சொன்னேன். அத்தானிடம் எடுபடவில்லை. “நம்ம அஜித்தே விடுதாராம்லா!” என்று அக்காள் சொன்னதும்தான் சற்று இறங்கி வந்தார்.

“சரி, பாப்போம். இதையே உருப்படியா விடத் தெரியலேன்னா, மேல்படிப்பு எதுக்கு?” என்றார்.

பாளையங்கோட்டைக்கு அருகே வற்றிக் கிடந்த ஒரு மானாவாரிக் குளத்துக்கு விடிந்ததும் மூவரும் போனோம். காற்று மெல்ல எழுந்துகொண்டிருந்தது. பையன் விமானத்தை மேற்கே பார்க்க நிறுத்தினான்.

“எதிர்காத்துலயா?” என்றார் அத்தான்.

“ஆமாப்பா. எதிர்க்க வார காத்தே பாதி வேலையைச் செஞ்சுரும். கொஞ்ச தூரம் ஓடினாப் போதும்.”

மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சினை அசையாமல் பூட்டி வைத்து முடுக்கிப் பார்க்கிறார்கள். இங்கே பூட்டு நான்தான், வாலைப் பிடித்துக்கொண்டேன். சுக்கான் திரும்புகிறதா, வால்பலகை ஏறி இறங்குகிறதா என்று சோதித்துவிட்டு, “விடுங்க மாமா” என்றான்.

விசையைச் சிறிது சிறிதாகத்தான் கூட்டினான். ஒரேயடியாகக் கூட்டினால் விசிறி சுழலும் வேகம் விமானத்தை இடப்பக்கம் இழுத்துவிடுமாம். அப்படியும் அது இடப்பக்கம் ஒதுங்கப் பார்த்தது. சுக்கானை வலப்பக்கம் லேசாகத் திருப்பி நேராக்கினான்.

குளத்தங்கரையும் உடைமரங்களும் நெருங்கி வந்தன. “தூக்குலே, தூக்கு!” என்று கத்தினார் அத்தான்.

பையன் தூக்கவில்லை. போதிய வேகம் சேருமுன் மூக்கை நிமிர்த்தினால் இறக்கைக்குத் தாங்கும் சக்தி போய்விடும். விமானம் ஒரு பக்கமாகச் சரிந்து விழும்.

“ஓடட்டும்பா, ஓடட்டும்.”

வால் தானாக எழுந்தது. பிறகு அவன் கட்டைவிரல் எள்ளளவு அசைந்தது. சக்கரங்கள் மண்ணை விட்ட கணத்தை என்னால் சொல்ல முடியாது. சக்கரத்துக்கும் நிழலுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தபோதுதான் புரிந்தது. உடைமரங்களுக்கு மேலே, பதற்றமே இல்லாமல் அது போய்க்கொண்டிருந்தது.

அத்தான் கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். வெகுநேரம் கழித்து, பார்வையைக் கீழே இறக்காமல் கேட்டார்:

“ஏலே, இன்னும் எத்தனை வருசம் படிக்கணும்னு சொன்னே?”