பதினோரு மணி டீ

திருப்பூர் மண்ணரையில் நான் குடியிருக்கும் மாடிக்கு நேர் எதிரே ஒரு லைன் வீடு. அதில் கடைசிக் கதவு ஒரு அக்காவுடையது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒரு வார்த்தை பேசிப் பழகியதில்லை. பார்த்ததோடு சரி.

விடியும் முன்பே வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிடுவார். தண்ணீர் வரும் நாளானால் முதல் குடம் அவருடையதாகத்தான் இருக்கும். எட்டு மணிக்கு இழுத்துப் பின்னிய சடையும் கையில் தூக்குப்போசியுமாகத் தெரு முனையில் நிற்பார். எட்டரைக்குத் தொடங்கி மாலை ஐந்தரைக்கு முடிந்தால் ஒரு ஷிப்ட். இரவு எட்டரை வரை இருந்தால் ஒன்றரை. ஊரே ஒன்றரை ஷிப்ட் கணக்கில்தான் வீட்டு வாடகையையும் சீட்டுப் பணத்தையும் வைத்திருக்கும்.

2025 ஆகஸ்ட் 27-ஆம் தேதி இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா போட்ட வரி 50 சதவீதமானது. அந்த நாட்டுக்குப் போகும் ஆர்டரை நம்பியிருந்த கம்பெனிகளில் வேலை குறைந்தது. அக்காவுக்கும் ஒன்றரை ஒன்றாகி, பிறகு சில நாள் அதுவும் இல்லாமல் போனது.

"ஏனம்மிணி, இன்னைக்குக் கம்பெனி இல்லியா?" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி கேட்டார்.

"வேலை டல்லுங்கம்மா. ஆர்டர் வந்தா கூப்பிடறோம்னாங்க."

அன்றும் எட்டு மணிக்குச் சடை பின்னியிருந்தது. எங்கோ போய்ப் பிசிர் வெட்ட ஒரு கட்டு பனியன் வாங்கி வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். பனியனை உள்புறம் திருப்பி, தோள், கழுத்துப்பட்டி, கை, பக்கத் தையல் என்று ஒரே வரிசையில் விரலை ஓட்டினார். தொங்கும் நூலை இடது கை இழுத்துப் பிடிக்க, வலது கை டிரிம்மர் அதை ஒட்ட வெட்டியது. துணியில் ஓட்டை தெரிந்த இடத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர். பிறகு உதறி, மடித்து, அடுக்கினார். கண்காணிக்க சூப்பர்வைசர் இல்லை. ஆனாலும் ஒரு தையலைக்கூட விரல் தாண்டிப் போகவில்லை.

பதினோரு மணிக்கு எழுந்தார். கம்பெனியில் டீ விடும் நேரம் அது. அடுப்பில் டீ வைத்து, டம்ளரோடு வந்து சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார். பன்னைப் பிய்த்துத் தோய்த்து மெதுவாகத் தின்றார். ஒன்றரை ஷிப்ட் ஓடிய காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்த அதே முகம். அந்தப் பத்து நிமிடத்தை அவர் ஆர்டரிடம் ஒப்படைக்கவே இல்லை.

சனிக்கிழமை மாலை கட்டுக்கு வந்த கூலியைப் படியில் வைத்து எண்ணினார். வாடகைக்கு ஒரு பங்கு, அரிசிக்கு ஒரு பங்கு. மீதியில் மகளுக்குப் பொரி வாங்கிக்கொடுத்து, மூளிக்குளக் கரைப் பக்கம் கைபிடித்து அழைத்துப் போனார்.

இந்த நிறைவு யாரும் கொடுத்ததில்லை, அவராகத் தினமும் உண்டாக்கிக்கொள்வது. 'இருப்பதைக் கொண்டு சந்தோஷமாகத்தானே இருக்கிறார்கள்' என்று சொல்லி அவர் கூலியில் ஒரு ரூபாய் குறைக்கவும் யாருக்கும் உரிமை கிடையாது. அவர் மனதை அவர் பார்த்துக்கொள்வார். வேலையையும் நியாயமான சம்பளத்தையும் கொடுப்பது ஊரின் பொறுப்பு.