இரும்பு தின்னும் பிராணி



ஜப்பானின் நிக்கோவில் உள்ள தோஷோகு ஆலயத்துக்கு வருகிறவர்கள் தூங்கும் பூனைச் சிற்பத்தையும் மூன்று குரங்குகளின் சிற்பத்தையும் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தூண்களின் தலைமாட்டை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. அங்கே தும்பிக்கை நீட்டிய தலைகள் வரிசையாக நிற்கின்றன, நம்மூர் யாளிக்குத் தூரத்து உறவு போல. யானை என்று நினைத்தால், காது அதற்குப் போதாது. பிடரியில் சுருள் சுருளாக மயிர் வேறு. அதுதான் 'பக்கு'.

இங்கே யாரைக் கேட்டாலும் கெட்ட கனவைத் தின்னும் பிராணி என்பார்கள். திடுக்கிட்டு விழித்த பிள்ளை, "இந்தக் கனவை பக்குவுக்குக் கொடுத்தேன்" என்று மூன்று முறை சொல்லிவிட்டுப் படுத்தால் போதும். ஜனவரி 2 இரவில் வரும் கனவு வருஷப் பலனைச் சொல்லும் என்பது பழைய நம்பிக்கை. ஃபூஜி மலை, பருந்து, கத்தரிக்காய் வந்தால் யோகம். (கத்தரிக்காய்க்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!) அன்று ஏழு அதிர்ஷ்ட தெய்வங்கள் ஏறிய கப்பல் படத்தைத் தலையணைக்கடியில் வைப்பார்கள். கப்பலின் பாயில் பக்குவின் பெயரை எழுதிவைப்பதும் உண்டு, காவலுக்கு.

ஆனால் கனவு தின்னும் பழக்கம் அதற்கு ஜப்பானில் வந்து ஒட்டிக்கொண்டது. பிறந்த இடமான சீனத்தில் அதன் தீனி இரும்பும் செம்பும். தாங் காலத்துக் கவிஞர் பாய் ஜூயிக்குத் தீராத தலைவலி. படுக்கும்போது தலைமாட்டில் வைக்கும் சிறு திரைத்தட்டியில் இந்தப் பிராணியை வரையச் சொன்னார். அதைப் பற்றி எழுதியும் வைத்தார். இரும்பெல்லாம் ஆயுதத்துக்கும் செம்பெல்லாம் புத்தர் சிலைக்கும் போய்விட்டால் இது எதைத் தின்னும் என்பது அவர் கவலை.

எனக்கு இந்தப் பழைய பக்குவைத்தான் பிடித்திருக்கிறது. போரில்லாத காலத்தில்தான் அதற்கு வயிறு நிறையும், ஆகவே அது சமாதானச் சின்னம் என்று நிக்கோவில் விளக்கம் சொல்கிறார்கள். அங்கே தெய்வமாக வீற்றிருப்பவரோ 1600-இல் செகிகஹாரா போரில் வென்று நாட்டைப் பிடித்த தோகுகாவா இயேயாசு! ஜெயித்து முடித்தவர்களுக்குச் சமாதானம் ரொம்பப் பிடிக்கும்தான். இருந்தாலும் அவர் வம்சம் இரண்டரை நூற்றாண்டு பெரும்போர் இல்லாமல் ஆண்டதையும் சொல்ல வேண்டும்.

வந்தால் பைனாகுலர் எடுத்துவாருங்கள். தூண்கள் உயரம்.